கைப்பிடித் தாளம்

ஊர் இசைக்குழுவில் டிரம் வாசிப்பவள் ஒரு லிஃப்ட் மெக்கானிக். முதியோர் இல்லத்தில் கச்சேரி வைத்த அன்றைக்கென்று பார்த்து அங்கிருந்த லிஃப்ட் காலை வாரிவிட்டது. புது மோட்டார் வர நாலு நாளாகும் என்று அவளே கையை விரிக்க வேண்டியதாயிற்று.

"மேல இருக்கறவங்க எப்படிம்மா இறங்குவாங்க? இன்னொரு நாள் வச்சுக்கலாம்," என்றார் குழுவை நடத்தும் கணக்கு வாத்தியார்.

"அவங்களால இறங்க முடியாட்டி நாம ஏறுவோம் சார்."

வயலின், புல்லாங்குழல், டிரம்பெட் என்று நாலு மாடிப் படிகளிலும் ஆட்களை நிறுத்தினாள்.

"தாளம் காட்டுற என் கையசைவு யாருக்கும்மா தெரியும்?" என்றார் வாத்தியார்.

அவள் ஸ்பானரால் படிக்கட்டின் இரும்புக் கைப்பிடியைத் தட்டினாள். தாளம் உச்சி வரை ஓடியது. எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தார்கள்.

நாலாம் மாடியிலிருந்து யாரோ ஒரு கிழவர் கைத்தடியால் அதே கைப்பிடியில் திருப்பித் தட்டினார், இன்னும் வேகமாக.

"கேட்டீங்களா சார்?" என்று அவளும் வேகத்தைக் கூட்டினாள்.