ரோஸ் நிறக் கோடு

எங்கள் காரை நாங்கள் எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. பிரேக் கட்டை மாற்றுவதானாலும் ஆயில் மாற்றுவதானாலும் நானும் என் வீட்டுக்காரரும்தான். கல்யாணமான புதிதில் தொற்றிக்கொண்ட கிறுக்கு அது. மற்ற ஜோடிகள் ஞாயிற்றுக்கிழமை சினிமாவுக்குப் போவார்கள், நாங்கள் கார் ஷெட்டில் கிரீஸும் கையுமாக இருப்போம். எனக்குக் கை ஒல்லி, எந்தச் சந்திலும் நுழையும். அதனால் வண்டிக்கு அடியில் படுப்பது நான். ஜாக்கைப் பிடிப்பது, டார்ச் அடிப்பது, ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் அவர்.

இதில் அவர் கொண்டுவந்த சடங்கு ஒன்று உண்டு. போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். ஓட்டத்தில் போல்ட் தளர்ந்து திரும்பினால் கோடு முறிந்து நிற்கும், பார்த்ததுமே தெரிந்துவிடும். “கோடு போட்டாச்சா?” என்று கேட்காமல் அவர் ஜாக்கை இறக்கியதே இல்லை. என் நெயில் பாலிஷ் பாட்டில் என் நகத்தைப் பார்த்ததைவிட காரின் வயிற்றைப் பார்த்ததுதான் அதிகம்.

போன வருஷம் இன்ஜின் மவுண்டிங் போய்விட்டது. இன்ஜினை அப்படியே இரும்பில் முடுக்கிவிட முடியாது, வண்டி மொத்தமும் உதறும். அதனால் நடுவில் தடித்த ரப்பர் வைத்த தாங்கிகள் இருக்கும், அதுதான் மவுண்டிங். எங்கள் வண்டியில் பின்பக்கத்து ரப்பர் கிழிந்திருந்தது. நானும் அவரும் சேர்ந்து புதுசு போட்டோம். பழையது துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. நான் ஆத்திரத்தில் சுத்தியலால் போட்ட போடில் அதன் மூலை ஒன்று உடைந்து பறந்தது. “இரும்பு மேல உனக்கு என்னம்மா அவ்வளவு கோவம்?” என்று அவர் சிரித்தார். புதுசைப் பொருத்தி, அரக்கு நிறத்தில் கோடு இழுத்தேன். உடைந்த பழையது ஷெட்டு அலமாரிக்குப் போயிற்று. எங்கள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது, அது அவருடைய இன்னொரு வியாதி.

இந்த வருஷம் எனக்கு ஒரு வேலை வந்தது. நான் பிசியோதெரபிஸ்ட். இவ்வளவு நாளும் ஒரு சின்ன கிளினிக்கில், அடுத்தவர் சொன்ன முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு காலம் தள்ளினேன். மலைமேல் இருக்கிற மறுவாழ்வு மருத்துவமனையில், விபத்தில் படுத்தவர்களுக்கு மறுபடி நடக்கச் சொல்லிக்கொடுக்கும் பிரிவுக்கு என்னையே பொறுப்பாகக் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு நான் எத்தனை முறை எழுதிப்போட்டிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பாதையில் பஸ் கிடையாது. தினமும் காரில்தான் போய் வர வேண்டும். தலைமை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “திங்கக்கிழமை காலைல நீங்க இங்க நிக்கணும். வரலைன்னா அடுத்தவங்களைக் கூப்பிட்டுடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க.”

செய்தியைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேக் வாங்கிவந்தார். “தாராளமா போ. வீட்டை நான் பாத்துக்கறேன்” என்று நாலு பேர் முன்னால் சொன்னார். “எங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும் அண்ணி” என்றாள் நாத்தனார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு தலையாட்டினேன். மண்டு.

அடுத்த வாரமே வண்டி உதற ஆரம்பித்தது. சிக்னலில் நின்றால் ஸ்டியரிங் நடுங்கியது. ரிவர்ஸ் போட்டால் அடியில் தொம்மென்று ஒரு அடி.

“மவுண்டிங் மறுபடி போயிடுச்சு போல இருக்கே” என்றேன்.

“அப்படித்தான் தெரியுது” என்றார் அவர். “இப்ப வர்ற சாமானெல்லாம் அவ்வளவுதான். நான் கடையில கேக்கறேன்.”

கேட்டுவிட்டு வந்தார். கடையில் இல்லையாம். சொல்லிவிட்டு வரவழைக்க வேண்டுமாம். திங்கட்கிழமைக்குள் வாய்ப்பே இல்லையாம். “மலைப்பாதை, வளைவு வளைவா இருக்கும். இந்த வண்டிய எடுத்துக்கிட்டு நீ போறதை நினைச்சாலே எனக்குப் பயமா இருக்கும்மா. விடு, உன் திறமைக்கு இதைவிட நல்ல வேலை தேடி வரும்” என்று என் தலையைத் தடவினார். நான் அவர் தோளில் சாய்ந்து அழுதேன். அதை நினைத்தால் இப்போதுகூட வயிறு எரிகிறது.

சனிக்கிழமை காலை அவர் வேலை பார்க்கும் அச்சகத்துக்குப் போன பிறகு எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். நாலு முறை போனை எடுத்து நாலு முறை கீழே வைத்தேன். சரி, எவ்வளவு தூரம் கிழிந்திருக்கிறது என்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம், பார்த்தாலாவது மனசு ஆறும் என்று வண்டியை ஜாக்கால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு டார்ச்சோடு அடியில் புகுந்தேன்.

போல்ட்டில் கோடு இருந்தது. முறியாமல், நேராக, அழகாக இருந்தது. ரோஸ் நிறத்தில் இருந்தது.

நான் போட்டது அரக்கு. அந்த அரக்கு பாட்டில் காய்ந்துபோய் எப்போதோ தூக்கிப் போட்டாயிற்று. ரோஸ், போன மாதம் நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு நான் காருக்கு அடியில் படுக்கவே இல்லை.

டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மவுண்டிங்கின் ஒரு மூலை உடைந்திருந்தது. என் சுத்தியல் அடியை எனக்குத் தெரியாதா? போன வருஷம் நாங்கள் கழற்றிப் போட்ட அதே கிழிந்த ரப்பர், என் காரில் திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

அப்போதுகூட பாழாய்ப்போன மனசு அவருக்குச் சாக்குத் தேடியது. ஒருவேளை இப்படி இருக்குமோ, ஒருவேளை அப்படி இருக்குமோ என்று. எழுந்து போய் ஷெட்டு அலமாரியைக் குடைந்தேன். மேல்தட்டில், காலி பெயின்ட் டப்பாவுக்குள், அவருடைய பழைய சட்டையில் சுற்றி நல்ல மவுண்டிங் பத்திரமாக இருந்தது. ரப்பரில் ஒரு கீறல் இல்லை. அதன் விளிம்பில் என் அரக்குக் கோட்டின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய துரோகம் செய்தாலும் மனுஷனுக்கு ஒரு சாமானைத் தூக்கி எறிய மனசு வராது.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஒரு நாள் நான் கிளினிக்கிலிருந்து வந்தபோது அவர் முன்கையில் நீளமாகச் சிராய்ப்பு இருந்தது. அச்சகத்தில் மெஷின் உரசிவிட்டது என்றார். அந்தத் தடித்த கையை இந்தச் சந்தில் நுழைத்து, இரண்டு பேர் வேலையை ஒற்றை ஆளாகச் செய்தால் வேறு என்ன ஆகும்? அந்தக் காயத்தைக் கழுவி மருந்து போட்டவள் நான். “வலிக்குதா?” என்று ஊதி ஊதி வேறு கேட்டேன்.

மதியம் சாப்பிட வந்தவர், ஷெட்டுத் தரையில் நானும் என் மடியில் அந்த மவுண்டிங்குமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“இது எப்படிங்க மேல போச்சு? கால் முளைச்சு நடந்து போச்சா?”

“அது வந்து...”

“கடையில இல்லைன்னீங்களே. நம்ம ஷெட்டுல இருக்கான்னு கேட்டுப் பாத்தீங்களா?”

அவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார். “எப்படிக் கண்டுபிடிச்ச?”

பாருங்கள், மனுஷனுக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்!

“கோடு போட்டிருக்கீங்களே. மாத்துனது மாத்துனீங்க, எதுக்குக் கோடு?”

அவர் திருதிருவென்று விழித்தார். உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. போல்ட்டை இறுக்கினார், கை தானாகப் போய்ப் பாட்டிலைத் தேடியிருக்கிறது. என்னை ஏமாற்றுகிற வேலையையும் நாங்கள் சேர்ந்து செய்கிற மாதிரியே ஒழுங்காகச் செய்து முடித்திருக்கிறார்.

“போகாதன்னு சொல்ல வாய் வரலைம்மா” என்றார் கடைசியில். “இன்னிக்குப் போய்ட்டு வருவ. அப்புறம் தூரம் ஜாஸ்தின்னு அங்கயே ஒரு ரூம் எடுப்ப. அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை வருவ. நான் இந்த வீட்டுல யார் முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்? ஆனா போகாதன்னு சொன்னா எல்லாரும் என்னைத்தானே கெட்டவன்னு சொல்வாங்க?”

“அதனால வண்டியக் கெட்டதாக்கிட்டீங்க. நீங்க நல்லவராவே இருந்துட்டீங்க.”

அவர் தரையில் கிடந்த ஒரு வாஷரை எடுத்து விரலில் உருட்டினார்.

“சரி. நான் பிடிவாதமா இதையே எடுத்துக்கிட்டு மலையேறியிருந்தா? ஏதாவது ஆகியிருந்தா?”

“நீ எடுக்கமாட்டன்னு தெரியும்” என்றார். “பழுதான வண்டிய நீ எடுக்கவே மாட்ட. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அந்த இடத்தில்தான் எனக்கு மனசு விட்டுப்போயிற்று. இவ்வளவு வருஷம் பக்கத்தில் படுத்து, என்னைத் தெரிந்துகொண்டதெல்லாம் இதற்குத்தானா? “அழுதேனே, உங்க தோள்மேல சாஞ்சு அழுதேனே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா!” என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

கத்தி முடித்துவிட்டு ஸ்பேனர் பெட்டியை இழுத்தேன். திங்கட்கிழமை போயே ஆக வேண்டும், அழுதுகொண்டிருக்க நேரமில்லை. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, அதன்கீழ் ஜாக்கை நிறுத்தினேன். இதற்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஜாக்கை மயிரிழை மயிரிழையாக ஏற்றி இறக்க, அடியில் இருப்பவர் விரலால் தடவி, ஓட்டையும் ஓட்டையும் நேராக வந்ததும் போல்ட்டை நுழைக்க வேண்டும். மேலே இருப்பவர் கை கொஞ்சம் அவசரப்பட்டால் இன்ஜின் மொத்தமும் என் விரல்மேல்தான் இறங்கும். விரல் இல்லாத பிசியோதெரபிஸ்டை எந்த ஆஸ்பத்திரி வைத்துக்கொள்ளும்?

அவர் வழக்கம்போல வந்து ஜாக் கம்பியைப் பிடித்தார்.

“நீங்க வேணாம்” என்றேன்.

“நான் இல்லாம எப்படிம்மா...”

“கம்பிய விடுங்க.”

அவர் விட்டார். முகம் சுருங்கிப்போயிற்று. அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது. வலிக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

மதில்மேல் எட்டிப் பார்த்துப் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டேன். கழுத்தில் இன்ச் டேப்போடு வந்தவர், ஷெட்டைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஐயோ, எனக்கு இதெல்லாம் தெரியாதே. உன் வீட்டுக்காரர்தான் சும்மா நிக்கறாரே?”

“அவருக்குக் கையில காயம்க்கா” என்றேன். ஆறிப்போன சிராய்ப்புதான். ஆனாலும் அடுத்தவர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க என் நாக்கு ஏனோ எழவில்லை. “நான் ஏத்துங்கன்னா ஏத்துங்க, இறக்குங்கன்னா இறக்குங்க. அவ்வளவுதான்.”

“விரல் போனா என்னைச் சொல்லாத.”

“நீங்க போக விடமாட்டீங்கக்கா.”

அக்கா பயந்து பயந்து, ஊசியில் நூல் கோக்கிற பதமாக ஜாக்கை அசைத்தார். மூச்சுக்கு மூச்சு “போதுமா? போதுமா?” என்று கேட்டார். கிழிந்ததைக் கழற்றி, நல்லதை ஏற்றி, போல்ட்டைத் தள்ளியபோது அது வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன்.

“கோடு போட்டாச்சா?” என்று ஷெட்டு மூலையிலிருந்து குரல் வந்தது. கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்திருக்கும். 

ரோஸ் கோடு போட்டேன். வெளியே வந்து, பாட்டிலை என் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். கிழிந்த மவுண்டிங்கை அவர் பார்க்கப் பார்க்கக் குப்பைத்தொட்டியில் போட்டேன். அவர் தடுக்கவில்லை.

இன்ஜினை ஓடவிட்டேன். ஸ்டியரிங் துளிகூட அசையவில்லை. “அட, சத்தமே இல்லையே!” என்று அக்காவுக்கு ஒரே பெருமை. இருந்து டீ குடித்துவிட்டுத்தான் போனார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் என் பின்னாலேயே சுற்றினார். பாத்திரம் கழுவினார். என் யூனிஃபார்மை இஸ்திரி போட்டார். “இனிமே இப்படிச் செய்யமாட்டேன்” என்று எத்தனை தடவை சொன்னாரோ. உண்மையாகத்தான் சொல்லியிருப்பார். கேக் வாங்கிவந்தபோதும் உண்மையாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை காலை புது யூனிஃபார்மோடு ஷெட்டுக்கு வந்தேன். அவர் என் டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். காரைத் திறந்து பையை வைத்தேன். உட்காரப் போனவள் நின்றேன். பழைய பேப்பரைத் தரையில் விரித்தேன், வெள்ளை உடையோடு மல்லாந்து படுத்து, டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கோடு முறியாமல் இருந்தது. அது நான் போட்ட கோடுதானா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.

எழுந்து முதுகைத் தட்டிக்கொண்டேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். டப்பாவை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

“நாளைக்கும் பாப்பியா?” என்று கேட்டார்.

“தினமும் பாப்பேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.