நொண்டி கொண்டுவந்த சீட்டு

மொட்டைமாடியில் நாற்பது புறா வளர்க்கும் தையல்காரியைப் பார்த்துத் தெருவே சிரிக்கும். பஸ் ஓட்டும் புருஷன்கூட, "கீழ அடுப்பு எரியுதோ இல்லையோ, மேல தீனி குறையாது" என்று போகிறவன் வருகிறவனிடம் சொல்லுவான். அவள் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள்.

அந்த வாரம் நான்கு புறாக்களைக் கூடையில் வைத்து, ஆற்றுக்கு அக்கரையில் சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கைக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து பறக்கவிட்டால் வீடு வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கத்தான். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் கொட்டித் தீர்த்தது. பாலம் போனது, கரண்டு போனது, போனும் செத்தது. தங்கையை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் காலை மழை விட்டது. அவள் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் சிறகுச் சத்தம். நொண்டி! பிறவியிலேயே ஒரு கால் வளைந்த சாம்பல் புறா. நல்ல காலில் நூல் சுற்றிய காகிதச் சுருள்.

தங்கையின் கையெழுத்து. "பிரசவம் சிக்கல். ஆபரேஷனுக்கு டாக்டர் வேணும், பி நெகட்டிவ் ரத்தம் வேணும். சாயங்காலம் வரைதான் தாங்கும். பாலத்துப் பக்கம் சுழல். செங்கல் சூளைக்குப் பின்னாடி படகு வரலாம்."

ஈரக்கையோடு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடினாள். அதிகாரி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கோழி கொண்டுவந்த சீட்டை நம்பி என் ஆளுங்களை வெள்ளத்துல இறக்கச் சொல்றியா?"

"கோழி இல்ல சார், புறா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது. என் தங்கச்சிக்கும் தெரியாது. படகுல முதல் ஆளா நான் ஏறுறேன், போதுமா?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீ வேணாம். நான் ஏறுறேன்."

அவர் ஆளனுப்பிச் சொன்னதும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தம் வைத்த ஐஸ் பெட்டியோடு வந்து ஏறினார். படகு சூளைப் பக்கம் திரும்பி மறைந்தது.

தங்கையிடம் இன்னும் மூன்று புறா இருக்கின்றன. சேதி வந்தால் வானத்து வழியாகத்தான் வர வேண்டும். தையல்காரி மாடியை விட்டு இறங்கவில்லை. விஷயம் பரவி, மதியத்துக்குள் தெருவே மாடிகளில் ஏறிவிட்டது. அண்ணாந்து பார்த்தே எல்லோருக்கும் கழுத்து வலித்தது.

நாலு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் கத்தினார். "அதோ! அதோ வருது!"

வெள்ளைப் புறா. அவள் சுருளைப் பிரித்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் வாங்கி உரக்கப் படித்தான்.

"ரெட்டைப் பிள்ளைங்க. தாய் பொழச்சுட்டா. அக்கா, நொண்டிக்கு வயிறு முட்டத் தீனி போடு."

மாடிக்கு மாடி ஒரே கூச்சல். யாரோ விசிலடித்தார்கள், யாரோ தட்டைத் தட்டினார்கள். அந்தச் சத்தத்தில் கூண்டிலிருந்த புறாக்களெல்லாம் மிரண்டு படபடத்தன. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலை அதிகாரியே மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு கையிலும் காலிக் கூடைகள்.

"பாலம் சரியாக மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அக்கரைக்கு நீங்கதாம்மா தபால் ஆபீஸ். எத்தனை புறா குடுப்பீங்க?"

"எத்தனை கரையில வெள்ளம் சார்?" என்று கேட்டபடி அவள் கூண்டைத் திறந்தாள்.