நேசம்மாள் ஓய்வு பெறாத கதை

நேசம்மாளுக்கு மே மாதக் கடைசியில் ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு. அதை அவளைவிட ஆவலாக எதிர்பார்த்திருந்தவர் கணவர் செல்வதாஸ். டிராயிங் மாஸ்டராக இருந்து இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றவர். அன்றிலிருந்து, தாலுகா ஆபீஸில் சூப்பிரண்டாக இருக்கும் மனைவி விடியலில் வடித்து வைத்துவிட்டுப் போகும் ஆறிப்போன சோற்றைத் தின்று நாக்கு செத்துக் கிடந்தார்.

"இனி காலைல புட்டு, பயறு, பப்படம். பதினோரு மணிக்குக் கஞ்சி. சாயங்காலம் ஏத்தம்பழ அப்பம். கேட்டியா?" என்று தினமும் பாடம் ஒப்பித்தார். போதாததற்கு மார்த்தாண்டத்திலிருக்கும் தங்கை வீட்டிலிருந்து அம்மிக்கல் ஒன்றை ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கினார். "ஏட்டி, மிக்சில அரைச்சா அது மீன்கறியா?"

நேசம்மாள் அம்மியை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தாள். ஆபீஸில் அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தால் செக்‌ஷனே பேச்சை நிறுத்தும். மேசைக்கு டீ தேடி வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு அம்மிக்கு முன்னால் குந்த வேண்டுமா?

பிறகு கொரோனாவுக்கு ஊர் அடங்கிக் கிடந்த மே மாதம் வந்தது. நேசம்மாள் சாளை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையிலிருந்து செல்வதாஸ் போட்ட சத்தத்தில் கரண்டி கீழே விழுந்தது.

"ஏட்டி, நியூஸ் பாத்தியா? ரிட்டையர்மெண்டை ஐம்பத்தொம்பது ஆக்கிப்போட்டான்!"

நேசம்மாள் முகத்தைத் துக்கவீடு போல வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கர்த்தரே! இன்னும் ஒரு வருசமா? கவர்மெண்ட் சொன்னா நம்ம என்னத்தச் செய்யுகது?" என்றாள். பிறகு கிணற்றடிக்குப் போய், முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

திரும்பி வந்தவள் நயமாகச் சொன்னாள். "ஒரு வருசம்தானே. அதுவரை அடுக்களைய நீங்க பொறுப்புல பாத்துக்கிடுங்க. ஆபீஸ்ல ஒரு ஆளு லீவுல போனா அடுத்த ஆளு பொறுப்பு பாக்கும்லா, அது மாதிரி."

பொறுப்பு என்ற சொல் செல்வதாஸுக்குப் பிடித்துவிட்டது. முதல் நாள் புட்டு குழலை விட்டு வெளியே வரவே மறுத்தது. ஒரு மாதத்தில் புட்டு அவர் கைக்குப் படிந்தது. ஓணத்துக்குள் அவியல் வைத்தார். தேங்காய்ப்பட்டணத்து மீன்காரியிடம் செவிளைத் தூக்கிப் பார்த்து வாதாடும் அளவுக்குத் தேறினார்.

ஆனாலும் ஆண்பிள்ளை வீம்பு விடுமா? அடுத்த பிப்ரவரியில் ஓய்வு வயதை அறுபதாக்கினார்கள். செல்வதாஸ் கோபத்தில் குதித்தார்.

"இது ஆவாது. நீ விருப்ப ஓய்வு எழுதிக்குடு."

"குடுத்திருவேன். ஆனா முப்பது வருச சர்வீஸ் இருந்தாத்தானே முழுப் பென்சன்? எனக்கு இன்னும் முடியல்லியே" என்றாள் நேசம்மாள், கண்ணைச் சிமிட்டாமல்.

கல்யாணத்துக்கு முந்தியே வேலையில் சேர்ந்தவள். எந்த வருடம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தத் தைரியம் அவளுக்கு.

அவளோடு வேலை பார்த்த ஞானையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தார். முந்தின வருடம் ஏப்ரலோடு ஓய்வு பெற்றதால் புது உத்தரவு அவருக்குக் கிடைக்கவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லி அழுவார்.

"ஒரு மாசம் பிந்திப் பொறந்திருந்தா நானும் சீட்டுல இருந்திருப்பேன் சார்."

"இவளுக்கும் கஷ்டந்தான் ஓய்" என்றார் செல்வதாஸ். "முப்பது வருசம் முடியல்லியாம்."

"யாருக்கு? நேசத்துக்கா? நானும் அவளும் ஒரே நாளுலல்லா சேந்தோம்! எனக்கு ரிட்டையராவும்போதே முப்பது கழிஞ்சாச்சே!"

டீயோடு வந்த நேசம்மாள் அடுக்களை வாசலில் நின்று ஞானையனை முறைத்தாள். ஞானையன் டீயைக்கூடக் குடிக்காமல் நழுவினார்.

செல்வதாஸ் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார்.

"எனக்க கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"எனக்கு அங்க இருக்கத்தான் பிடிச்சிருக்குன்னு சொன்னா கேட்டிருப்பியளா?"

அவர் துருவுவதை நிறுத்தினார். "கேட்டிருக்கமாட்டேன்" என்றார். பிறகு தேங்காய்மூடியை அவளிடம் நீட்டினார். "மிச்சத்த நீ துருவு. ஒனக்கு இன்னைக்குத் தண்டனை."

அடுத்த வருடம் மே கடைசியில் ஆபீஸ்காரர்கள் நேசம்மாளுக்கு மாலை போட்டு ஜீப்பில் கொண்டுவந்து விட்டார்கள். செல்வதாஸ் எல்லோருக்கும் சூடாக ஏத்தம்பழ அப்பம் சுட்டுக் கொடுத்தார். செக்‌ஷன் பெண் சஜிதா இரண்டாவது அப்பத்தைக் கடித்துக்கொண்டே, "இனி அக்கா வீட்டுலதானே, சாருக்கு ரெஸ்டு" என்றாள்.

செல்வதாஸ் பதறிப்போனார். "அய்யோ, அவ அடுக்களைக்கு வந்தா எனக்க சாமானெல்லாம் எடம் மாறிப்போவும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நேசம்மாளும் சிரித்தாள். ஆனால் அப்பம் அவள் சுடுவதைவிட நன்றாக இருந்ததை நினைக்க, உள்ளே லேசாக எரிந்தது.

மறுநாள் காலை கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

"எங்கட்டி?"

"கருங்கல் ஜங்ஷன்ல பொம்பளையளுக்கு ஸ்கூட்டி ஓட்டப் படிச்சுக் குடுக்காவ. பேரு குடுத்திருக்கேன்."

"இந்த வயசிலயா? மத்தியானம் கஞ்சிக்கு வருவியா?"

"விழாம ஓட்டினா வருவேன்" என்று சொல்லிவிட்டு நேசம்மாள் படியிறங்கினாள்.