மூடிய கடைக்குப் பசிக்குமா

“இன்னும் ரெண்டு மூங்கில் வெட்டியாங்கடா, இது தாங்காது” என்று வாசலில் பாடை கட்டிக்கொண்டிருந்த செல்லமுத்து கத்தினான்.

கதவருகே நின்ற ராமாயி, “எதுக்கு சாமி அத்தனை? உங்க மாமன் இப்ப அந்தப் பழைய குண்டு ஆளு இல்லியே” என்றாள்.

“தெரியுமுங்க அத்தை. இருந்தாலும் மாமனாச்சுங்களே.”

அவனைக் குறை சொல்ல முடியாது. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் புருஷன் பூபதிக்கு மூச்சு முட்டியபோது, கட்டிலோடு தூக்கி ஜீப்பில் ஏற்றியவர்களில் அவனும் ஒருவன். தூக்கியதில் ஒரு மாதம் தன் தோளுக்குத் தைலம் தேய்த்தவன். வளப்பூர் நாட்டு மலைகளில் பலாப்பழமும் மிளகும் வாங்கி விற்றவர்கள் நிறைய உண்டு. பூபதி மாதிரி இடத்தை அடைத்து உட்கார்ந்தவர் வேறு எவருமில்லை. செம்மேட்டு பஸ்ஸில் மூன்று பேர் சீட்டைத் தனியாளாக நிரப்புவார். கண்டக்டர் இன்னொரு டிக்கெட் கேட்டால், வண்டி ஊர் சேரும்வரை பேரம் பேசுவார்.

அப்புறம் சரக்கு லாரியை விற்றுக் கோயமுத்தூரில் உடம்பைக் குறைக்க ஆபரேஷன். டாக்டர் படம் போட்டுக் காட்டினார். இரைப்பையின் மேல்முனையில் முட்டையளவு மட்டும் தனியாகப் பிரித்து, சிறுகுடலை இழுத்து வந்து அதில் சேர்த்துத் தைப்பார்களாம். மிச்ச இரைப்பை சோறு போகாமல் உள்ளேயே கிடக்குமாம். பூபதிக்கு உடனே புரிந்துவிட்டது.

“அட, பெரிய கடைக்கு ஷட்டரை இழுத்துட்டுப் பக்கத்துல ஒரு பொட்டிக்கடை வெக்கறீங்க. அவ்வளவுதானுங்களே?”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். ராமாயிக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிய கடைக்குப் பசிக்குமா?

அந்தக் கேள்வியோடுதான் ஊர் திரும்பினாள். உடம்பு பாதியானது, சர்க்கரை மாத்திரை நின்றது, மனுஷன் மேட்டுக்காட்டுக்கு நடந்தே போய் வந்தார். ஆனால் சாப்பாடு ஒரு சின்னக் கிண்ணம்தான். பலாச்சுளை ஒன்று தின்றால் வேர்த்து ஊற்றித் தலைசுற்றிப் படுத்துவிடுவார். பழ வியாபாரி பழத்தை மோந்து பார்த்தே விலை சொன்னார்.

“பசிக்குதுங்களா?” என்று கேட்பாள்.

“இல்ல.”

வியாபாரி வாயில் முதலில் வருகிற விலையை எவள் நம்புவாள்? அதனால் அவர் முன்னால் அவள் ஒரு பருக்கை தின்றதில்லை. அவர் கிண்ணத்தைக் கழுவி வைத்தபிறகு, அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு குத்தவைத்துத் தின்பாள். மரவள்ளி அப்பளத்தைக்கூட ரசத்தில் ஊறப்போட்டுத்தான் மெல்லுவாள். நொறுங்குகிற சத்தம் அவருக்குக் கேட்டுவிடக் கூடாது.

இன்றைக்கு விடிகாலை மிளகுச் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தார். பழைய கனமே இதயத்தைத் தேய்த்துவிட்டது என்று செம்மேட்டு டாக்டர் சொன்னார். செல்லமுத்துவின் அம்மா பொன்னாயி அதை ஒத்துக்கொள்ளவில்லை. தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரியிலேயே வழக்கை நடத்தினாள்.

“குண்டான் சோறு தின்னவனே, எந்தம்பி... கிண்ணத்துல அளந்து போட்டுக் கொன்னாளே...”

பேச்சில் சொல்லியிருந்தால் மல்லுக்கு நிற்கலாம். பாட்டில் சொன்னதற்கு யார் பதில் சொல்வது? அதைவிட, ராமாயிக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. மனுஷன் பசியோடு போனாரா, பசியில்லாமல் போனாரா? இனி யாரைக் கேட்பது?

அப்போதுதான் அந்த ஆளைக் கவனித்தாள். தலையில் சும்மாட்டுத் துண்டு, மலைபோல் முதுகு. சொந்தமில்லை, பந்தமில்லை; பொன்னாயியை மிஞ்சி அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை நின்று ஆச்சரியம் பிடித்துக்கொண்டது. கிட்டே போனாள்.

“ஏனுங்க, நீங்க ஆருங்க?”

“மாதேஸ்வரனுங்க அக்கா. செம்மேட்டுச் சந்தையில அண்ணன் மூட்டையெல்லாம் நாந்தானுங்க ஏத்துவேன்.”

“மூட்டை ஏத்துனதுக்கா இந்த அழுகை?”

அவன் துண்டால் மூக்கைத் துடைத்தான். “சந்தைக்கு வாரப்பெல்லாம் சோறு வாங்கித் தருவாருங்க. வாங்கிக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்துக்குவாரு. மெதுவாத் தின்னுடா மாதேசு, கொழம்புல உப்பு எப்படி, கறி வெந்திருக்குதான்னு கேட்டுக்கிட்டே இருப்பாருங்க. சும்மானாச்சிக்கும் நல்லாருக்குதுன்னா, பொய் சொல்றியேடான்னு மறுபடி தின்னச் சொல்லுவாரு.”

“அப்புறம்?”

“நான் மோரு ஊத்தித் தின்னு முடிப்பனுங்க.” தயங்கினான். “ஏப்பம் மட்டும் அண்ணன் விடுவாருங்க.”

ராமாயி முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் சிரித்தாள் என்ற பேர் வேறு வேண்டாம். கொஞ்சம் பொறுத்து, தணிந்த குரலில் கேட்டாள்:

“பசிச்சுதுங்களா அவருக்கு?”

“நானும் கேட்டேனுங்க. பசியெல்லாம் எப்பவோ போச்சுடான்னாரு.”

“பின்ன எதுக்கு அப்படிப் போயி உக்காந்தாரு?”

மாதேஸ்வரன் தரையைப் பார்த்தான். “ஊட்டுல அவ கதவைச் சாத்திக்கிட்டுத் திங்கறாடா, நான் ஆரு திங்கறதைப் பாக்கறதுன்னாருங்க.”

பறை உரத்தது. வாய்க்கரிசி போட்டார்கள். பழைய கனத்தை நினைத்துக் காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரே தம்மில் தூக்கினார்கள். பாடை விருட்டென்று அவர்கள் தலைக்கு மேலே எழும்பியது. மாலை ஒன்று தெறித்துக் கூரையில் விழுந்தது. செல்லமுத்து தடுமாறி, “புடிங்கடா, மாமன் பறக்கறாரு” என்றான். யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள்.

“பாத்தீங்களா சனங்களே! பஞ்சாட்டம் ஆக்கிட்டாளே!” என்று பொன்னாயி மார்பில் அடித்துக்கொண்டாள்.

பறைச் சத்தம் வளைவு திரும்பித் தேய்ந்தது. பெண்கள் வீடு கழுவினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சோறும் ரசமும் வந்தன. வட்டிலில் போட்டு ராமாயி கையில் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு பழக்கத்தில் அடுப்படிக்குப் போனாள். டின்னைத் திறந்து, பொரித்து வைத்திருந்த அப்பளம் எடுத்தாள். கதவில் கை வைத்தவள், சாத்தவில்லை.

கூடத்துக்கு வந்தாள். பூபதிக்கென்று செய்த பலாமரத்து நாற்காலி சுவரோரம் கிடந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கடைசிக் காலத்தில் அவர் அதில் ஒரு மூலையைத்தான் நிரப்பினார். அந்த மூலைக்கு நேர் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பொன்னாயி வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

ராமாயி சோற்றைப் பிசைந்து ஒரு வாய் தின்றாள். “உப்புக் கொஞ்சம் பத்தலீங்க” என்றாள். பிறகு அப்பளத்தை எடுத்துக் கடித்தாள். நொறுங்கிய சத்தம் வாசல்வரை கேட்டது.