ஒரு நாள் விடுப்பு

பெண்கள் பள்ளியின் பவள விழா மலர் எங்கள் அச்சகத்துக்கு வந்தது என் மனைவியால்தான். அவள் அங்கேயே படித்து, அங்கேயே கணக்கு டீச்சரானவள். மாணவிகள் வைத்த பெயர் கால்குலேட்டர். மலரின் பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. மாலை ஐந்து மணிக்குள் எல்லாம் அச்சுக்குப் போக வேண்டும்.

தலைமையாசிரியையும் தமிழம்மாவும் திருத்தம் பார்க்க வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன்.

"தம்பி, என் கன்னத்தக் கொஞ்சம் கொறைக்க முடியுமா?" என்றார் தமிழம்மா.

"கொறைச்சுட்டா அப்புறம் அது யாருன்னு கேப்பாங்க," என்றார் தலைமையாசிரியை.

அடுத்த பக்கம் ஆசிரியைகளின் குழுப்படம். சிரிப்பு நின்றது.

படம் எடுத்த அன்று வராதவர்களை மேல் மூலையில் ஒரு முட்டை வட்டத்துக்குள் வைப்பது வழக்கம். வட்டத்துக்குள் என் மனைவி இருந்தாள். வைத்தது நான்தான். அவள் இறந்து நான்கு மாதம்.

"தம்பி, இது லீவுல இருக்கறவங்களுக்கு," தமிழம்மா மெதுவாகச் சொன்னார். "அவ நினைவஞ்சலிப் பக்கத்துல வரணும்."

"லீவுலதான் இருந்தா."

நினைவஞ்சலிப் பக்கத்தில் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் நரைத்த தலை, கறுப்புக் கட்டம். நகர்த்த இரண்டு நொடி போதும். நகர்த்திவிட்டால் எல்லாப் பிரதிகளிலும் அவள் அங்கேதான். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினேன். மறுபடியும் போனேன்.

"உக்காருங்க தம்பி, எனக்குத் தலை சுத்துது," என்றார் தலைமையாசிரியை. "படம் எடுத்தது என்னைக்கு?"

"அவளுக்கு ஸ்கேன் எடுத்த அன்னைக்கு. வியாழக்கிழமை."

அவர் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்து விடுப்புக் கடிதங்களைப் பார்க்கச் சொன்னார். காத்திருந்தோம். சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தேன். எழுத்தர் போனில் படித்தது எனக்கும் கேட்டது: 'ஒரு நாள் மட்டும் விடுப்பு வேண்டும். நாளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு வந்துவிடுவேன்.'

"கையெழுத்துப் போட்டது நான்தான்," என்று போனை வைத்தார் தலைமையாசிரியை. "அன்னைக்கு அவ லீவுதான். வட்டத்துலயே இருக்கட்டும். கீழ படம் எடுத்த தேதியப் போட்டுடுங்க."

போட்டேன்.

"நினைவஞ்சலிப் பக்கத்துலயும் வரணும், மேடம்," என்றார் தமிழம்மா. "விழாவுக்குப் பழைய பொண்ணுங்க எல்லாம் வருவாங்க. கால்குலேட்டர் மிஸ் எங்கன்னு கேட்டா யாரு பதில் சொல்றது?"

தலைமையாசிரியை போனைப் பைக்குள் வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

பதின்மூன்றாவது கட்டத்தை நானே வரைந்தேன். அதே படம். பெயர். பிறந்த ஆண்டு. ஒரு சிறு கோடு. அதற்கு மேல் விரல் போகவில்லை. எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டினேன்.

திரும்பியபோது தமிழம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கோட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தேடி அடித்துக்கொண்டிருந்தார். கடைசி எண் தப்பு. அழிக்கத் தெரியாமல் என்னைப் பார்த்தார்.

உட்கார்ந்தேன். சரிசெய்தேன்.