வாசலில் வாங்கிய கையெழுத்து

எங்கள் ஆலையின் தொழிற்சங்கக் கூட்டம் மாலை நான்கு மணிக்கு. அதன் தீர்மானத்தை நான் காலை பத்து மணிக்கே தட்டச்சு செய்து முடித்துவிட்டேன். எட்டு வருடமாக இதுதான் வழக்கம். வருகிறவர்கள் எல்லாரும் அதை வருகைத்தாள் என்று நினைத்து, வாசலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, டீயை வாங்கிக்கொண்டு உள்ளே போய் உட்காருவார்கள்.

இந்த முறை தீர்மானம் ஒரே வரிதான். இனித் தேர்தல் வேண்டாம், இப்போதைய தலைவரே தொடரட்டும் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

தலைவர் அதை வாசித்ததும் பேக்கிங் பிரிவு அக்கா எழுந்து நின்றார்.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. டீ குடிக்க மட்டும் திறந்தார்கள்.

தலைவர் கோபப்பட்டிருந்தாலாவது எனக்கு மனசு ஆறியிருக்கும். அவர் சிரித்தார்.

"அக்கா போட்ட கையெழுத்தை அக்காவுக்கே காட்டுப்பா."

காட்டினேன். அக்கா தாளை வெகுநேரம் பார்த்தார்.

"கண்ண மூடிக்கிட்டுப் போட்டிருக்கோமே தம்பி. இத்தனை பேர்ல ஒருத்தர்கூடவா படிச்சுப் பாக்கல?"

"ஆமாக்கா" என்றேன்.

முதல் கையெழுத்து என்னுடையது. நான் படித்துவிட்டுத்தான் போட்டேன்.