அச்சில் வராத மாப்பிள்ளை

என் தங்கை மகள் செண்பகாவைப் பெண் பார்க்க வந்தது ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தை. நான்கே எழுத்து. பெயரை இங்கே எழுத முடியாது. அச்சுக் கோக்கிறவர் வீட்டிலும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. உட்கார்ந்தால் பெயர்ச்சொல், எழுந்தால் வினைச்சொல். மற்றபடி குறை சொல்ல முடியாது.

தாய்மாமன் என்பதால் கை வைத்த நாற்காலி எனக்கு.

"தம்பிக்கு எந்த ஊர்?" என்று ஆரம்பித்தார் மச்சான் ராஜமாணிக்கம், பெண்ணின் அப்பா.

"ஜெர்மனி பக்கம்னு சொல்றாங்க. டச்சுக்காரன்னும் சொல்றாங்க."

"யாரு சொல்றா?"

"அகராதிக்காரங்க."

"உங்க வீட்டுல?"

"வீட்டுல என் பேரை எடுத்தாலே அடி விழும்."

ஏதோ ராஜா போட்ட உத்தரவின் முதலெழுத்துகள் சேர்ந்து பிறந்தவர் இவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டேன்.

"கட்டுக்கதை மாமா. கல்யாணம் கூடி வரட்டும்னு அளந்திருப்பாரு."

ராஜ வம்சத்தைத் தானாகவே வேண்டாமென்ற மாப்பிள்ளையை நான் கண்டதில்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

"வேலை?" என்றார் மச்சான்.

"முன்னாடி ஒரே வேலைதான். பெரியவங்க முன்னால சொல்லக் கூடாது. இப்ப எல்லாமே பாக்கிறேன். கால்ல கல் இடிச்சா நான்தான். சிக்ஸர் போனாலும் நான்தான். எதிரியைத் திட்டவும் போவேன், சிநேகிதனைக் கட்டிப் பிடிக்கவும் போவேன்."

"ஷிஃப்டா?"

"மூணு ஷிஃப்டும்."

அவர் ஒவ்வொரு வேலையாகச் சொல்லச் சொல்லக் கூடம் நீண்டுகொண்டே போனது. பஜ்ஜித் தட்டோடு அடுக்களையிலிருந்து கிளம்பிய தங்கை வந்துகொண்டே இருந்தாள். ஆறிவிடுமே என்று எனக்குக் கவலை.

"சரி, குலதெய்வம்?"

மாப்பிள்ளை தலை குனிந்தார். கூடம் சட்டென்று சுருங்கியது. தங்கை வந்து சேர்ந்தாள்.

"தெரியாதுங்க."

மச்சான் எழுந்துவிட்டார். "முதல் பத்திரிகையை எங்க கொண்டுபோய் வைக்கிறது? நடக்காது."

"அப்ப எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றாள் செண்பகா. சொன்னவள் நின்ற இடத்திலேயே கதவாகிவிட்டாள். தேக்கு. தாழ்ப்பாள் உள்பக்கம்.

தங்கை கதவைத் தட்டினாள். என்னைப் பார்த்தாள். "அண்ணே, ஏதாவது பண்ணு. ஒத்தப் பொண்ணு."

யோசித்தேன். "எனக்குப் பிள்ளை இல்லை. இவரை நான் தத்து எடுத்துக்கிறேன். எங்க பச்சையம்மன் இவருக்கும் ஆச்சு. தாய்மாமன் மகன் வேற. முறை மாப்பிள்ளை, மச்சான்."

மச்சான் மறுபடி உட்கார்ந்தார். முறை என்று வந்தபின் என்ன பேசுவது. "அம்மன் முன்னால பேரைச் சொல்லி அர்ச்சனை பண்ணுங்க. அவ ஏத்துக்கிட்டா எனக்கும் சம்மதம்" என்றார்.

கொல்லைப்பக்கம் போனோம். கோயில் அங்கே வந்திருந்தது.

"பேரு?" என்றார் பூசாரி.

மாப்பிள்ளையால் சொல்ல முடியாது. எந்த வார்த்தையாலும் தன்னைத் தானே சொல்லிக்கொள்ள முடியாது. மச்சான் தேங்காயைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த நாளில் இறுகிப்போன நட்டு ஒவ்வொன்றிடமும் நான் சொன்ன பெயர்தான். நாக்கு அசையவில்லை. அம்மன் காத்திருந்தாள். சூடம் சின்னதாகிக்கொண்டிருந்தது.

"பேரு இல்லாம ஆகாது" என்று தட்டைக் கீழே வைக்கப் போனார் பூசாரி.

அப்போது செண்பகா வந்தாள். தோளில் ஒரு கீல் மட்டும் மிச்சம் இருந்தது. மாப்பிள்ளையைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னாள். முழுசாக, மெதுவாக, இலை போட்டாயிற்று வாங்க என்று கூப்பிடுகிற மாதிரி.

மூன்று ஷிஃப்டிலும் அவர் அந்த வேலையைப் பார்த்ததில்லை. மீசை ஓரம் வியர்த்துவிட்டது. மச்சான் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

பூசாரி அந்தப் பெயரை அம்மனிடம் அப்படியே சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"நட்சத்திரம்?"